கிரகாம் கிரீனின் நாவல்கள்: இருவகைப் பகுப்பும் தர அளவும்

தம் கதைநூல்களைத் தாமே இரு வகையாகப் பிரித்து, அந்தப் பகுப்பை நூலின் தலைப்புப் பக்கத்திலேயே அச்சிடச் செய்தவர் ஆங்கில நாவலாசிரியர் கிரகாம் கிரீன் (1904–1991). வாழ்வின் அடிப்படைக் கேள்விகளில் இறங்குபவற்றை 'நாவல்' என்றும், ஒற்று, கொலை, துரத்தல் என விறுவிறுப்பை முதன்மையாகக் கொண்டவற்றைப் 'பொழுதுபோக்கு' என்றும் அவர் வழங்கினார். 1930, 1931ஆம் ஆண்டுகளில் வெளிவந்த தம் இரண்டாம், மூன்றாம் நாவல்களை மறுபதிப்பிடவே இசையாத அளவுக்குத் தம் எழுத்தைக் கறாராக எடைபோட்ட அவர் வகுத்தது என்பதால், இப்பகுப்பைத் திறனாய்வாளர் பலர் தர வரிசையாகவே கொண்டுவிட்டனர். நூல்களோ அதற்கு இடம் தருவதில்லை.

1932இல் வந்த 'ஸ்தாம்பூல் டிரெய்ன்' முதலாகப் பொழுதுபோக்கு வரிசை தொடங்குகிறது. 'பிரைட்டன் ராக்' (1938) அமெரிக்கப் பதிப்பில் பொழுதுபோக்கு என்றே வெளிவந்து, பின்னர் நாவல்களோடு சேர்க்கப்பட்டது. ரவுடிக் கும்பலின் தலைவனான பதினேழு வயதுப் பிங்கி, நரகம் உண்டென்று உறுதியாக நம்பிக்கொண்டே கொலை செய்பவனாதலால், குற்றக்கதையாகத் தொடங்கும் அந்நூல் பாவத்தையும் இறையருளையும் பற்றிய விசாரணையாக மாறிவிடுகிறது. 1926இல் கத்தோலிக்கம் தழுவிய கிரீனின் தனித்தன்மை முழுமையாக வெளிப்படுவது இங்குதான்.

1938இல் மேற்கொண்ட மெக்சிகோப் பயணத்திலிருந்து பிறந்த 'தி பவர் அண்ட் தி குளோரி' (1940), சமயத்துக்குத் தடை விதித்த மாநிலமொன்றில் தலைமறைவாகத் திரியும் குடிகாரக் குருவின் கதை. திருப்பலிக்கென அவர் கள்ளத்தனமாக வாங்கிய திராட்சை ரசத்தை, விற்றவனும் காவல் தலைவனும் சேர்ந்து அவர் எதிரிலேயே குடித்துத் தீர்க்கின்றனர். தாம் யாரென்று சொல்ல இயலாத அவர் உடனிருந்து பிராந்தி அருந்தியபடி கண்ணீர் விடுகிறார். சமயம், அச்சம், அவமானம் மூன்றையும் ஒரே புட்டியில் அடக்கிய இக்காட்சிக்கு இணையானது கிரீனின் எழுத்தில் அரிது. வத்திக்கான் 1953இல் கண்டித்ததும் இந்நூலையே.

மேற்கு ஆப்பிரிக்காவில் நிகழும் 'தி ஹார்ட் ஆஃப் தி மேட்டர்' (1948) இரக்கமே ஒருவனை அழிப்பதைக் கூறுகிறது. நரகத்தை மெய்யாகவே நம்புபவன் இந்நாவலின் நாயகன் ஸ்கோபியைப் போல நடக்கமாட்டான் என்று ஜார்ஜ் ஆர்வெல் எழுப்பிய மறுப்பு வலுவானது, இன்னும் தீராதது.

கிரீனின் இலக்கியச் சுவை இவ்விரு வகைக்குள் அடங்கியதன்று. துரத்தலோ பாவச்சுமையோ இல்லாத ஆர். கே. நாராயணின் 'சுவாமி அண்ட் ஃபிரண்ட்ஸ்' 1935இல் லண்டனில் அச்சேறியது அவருடைய முயற்சியாலேயே.

பிற்காலத்தில் இப்பகுப்பை அவரே கைவிட்டார். 'தி ஹானரரி கான்சல்' (1973) நூலில் அமெரிக்கத் தூதருக்குப் பதிலாக வேறொருவரைத் தவறுதலாகக் கடத்துவோரின் தலைவன் முன்னாள் குரு ஒருவன். படையினர் சூழ்ந்துகொண்ட குடிசைக்குள் அவன் நிறைவேற்றும் திருப்பலியில், கடத்தல் கதையின் பரபரப்பையும் நம்பிக்கையின் போராட்டத்தையும் தனித்தனியே பிரித்தெடுக்க இயலாது.