டிப்ட்ரீயின் கடிதங்கள்

முகம் காணாத நட்பைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் நம்மவர் பிசிராந்தையாரை முன்னிறுத்துவர். பாண்டி நாட்டுப் புலவர் சோழ மன்னனைக் கண்டதில்லை. மன்னனும் அவரைக் கண்டதில்லை. ஆயினும் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது, ஆந்தையார் வருவார், அவருக்கும் ஓர் இடம் ஒழித்து வையுங்கள் என்றான், அவரும் வந்தார். இக்கதையை மேடையில் உரக்கச் சொல்பவரே வீடு திரும்பியதும், தம் மகன் கைப்பேசியில் யாரோ ஒரு கதைப் பித்தனோடு நள்ளிரவு வரை எழுதிக்கொண்டிருப்பதைக் கண்டால், ‘ஊர் பேர் தெரியாதவனோடு என்னடா உறவு?’ என்று அதட்டுகிறார். ஆந்தையாருக்கு ஒரு நீதி, அடுத்த அறையிலிருப்பவனுக்கு வேறொரு நீதி.

எனினும் தந்தையின் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதென்று தள்ளிவிடுவதற்கில்லை. ஆந்தையாரின் பெயராவது மெய்ப்பெயர். மகனுடைய நண்பனோ ஏதோ ஒரு புனைபெயருக்குப் பின் மறைந்திருப்பவன். ஆணோ, பெண்ணோ, கிழவனோ, சிறுவனோ, யாரறிவார்? பெயரே பொய்யாயின் அப்பெயரோடு கொண்ட நட்பு என்னாகும்? இக்கேள்விக்கு விடை தேடுவோர்க்குப் பயன்படத்தக்க இரண்டு ஆங்கில நூல்களை அண்மையில் படித்து முடித்தோம். ஒன்று, ஜூலி பிலிப்ஸ் என்னும் அம்மையார் 2006இல் வெளியிட்ட ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியரின் வாழ்க்கை வரலாறு. மற்றொன்று, ‘டிப்ட்ரீக்குக் கடிதங்கள்’ என்ற பெயரில் 2015இல் ஆஸ்திரேலியாவில் வெளிவந்த தொகுப்பு. இரண்டும் இணையத்தைப் பற்றியவை அல்ல. தபால் முத்திரை குத்திய கடிதங்களைப் பற்றியவை. எனினும் வினா அதுவே.

முதலில் அக்கூட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்லுதல் வேண்டும். விஞ்ஞானக் கதைகளுக்கென்றே தனியாக ஒரு பத்திரிகையை ஹியூகோ கெர்ன்ஸ்பேக் என்பவர் 1926இல் அமெரிக்காவில் தொடங்கினார். வாசகர் கடிதங்களை அவர் வெளியிட்டபோது எழுதியவரின் விலாசத்தையும் சேர்த்து அச்சிட்டார். அவ்வளவுதான். ஒரே கதையை விரும்பிய இருவர் ஆசிரியரைக் கடந்து ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளத் தலைப்பட்டனர். பின்னர்ச் சங்கங்கள் அமைத்தனர். சைக்ளோஸ்டைல் செய்து இரசிகர் ஏடுகளை வெளியிட்டனர். (நமது ஆபீஸின் மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும் யந்திரத்தைக் காணுந்தோறும், சுற்றறிக்கையைத் தவிர வேறெதையும் அதில் எவரும் ஓட்டிப் பார்க்கவில்லையே என்ற ஏக்கம் நமக்கு எழுவதுண்டு.) இன்று இணையத்தில் இளைஞர் நடத்தும் இரசிகர் கூட்டங்களுக்கெல்லாம் இதுவே மூதாதை.

அக்கூட்டத்தினுள் 1968இல் ஒரு புதியவர் புகுந்தார். ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் என்பது பெயர். விலாசம், வர்ஜீனியா மாகாணத்து மெக்லீன் என்னும் ஊரின் தபாலாபீஸில் ஒரு பெட்டி. அவரை நேரில் கண்டவர் ஒருவருமில்லை. மாநாடுகளுக்கு வாரார்; பரிசு பெறவும் வாரார். ஆனால் கடிதம் எழுதுவதில் அவருக்கு இணையில்லை. தமக்குப் பிடித்த கதையை எழுதியவருக்கு ஓர் எளிய இரசிகரைப்போல் பாராட்டு எழுதுவார், பதில் வரும், பதிலுக்குப் பதில் போகும். இவ்வாறு உர்சுலா லெ குவின், ஜோவான்னா ரஸ் முதலிய எழுத்தாளரும், ஜெப்ரி ஸ்மித் என்னும் இரசிகர் ஏட்டு ஆசிரியரும் அவருக்கு உற்ற நண்பராயினர். லெ குவின் அம்மையாரை ‘விண்மீன் கரடி’ என்று செல்லப்பெயரிட்டு அழைக்குமளவு அந்நட்பு முதிர்ந்தது.

அந்த டிப்ட்ரீ உண்மையில் 1915இல் சிக்காகோவில் பிறந்த ஆலிஸ் ஷெல்டன் என்னும் மாது. தாயார் பெயர் பெற்ற எழுத்தாளர். மகளைச் சிறுவயதிலேயே ஆப்பிரிக்கக் காடுகளுக்கு அழைத்துச் சென்றவர். ஆலிஸ் அம்மையார் ஓவியம் தீட்டினார். 1942இல் படையிற் சேர்ந்து, விமானத்திலிருந்து எடுத்த படங்களை ஆராயும் வேலை பார்த்தார். மறுமணத்திற்குப் பின் கணவரோடு கோழிக்குஞ்சுப் பண்ணை நடத்தினார். அமெரிக்க உளவுத்துறையில் சில ஆண்டு உழைத்தார். 1967இல் மனோதத்துவத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அவ்வேளையில் விளையாட்டாகச் சில கதைகள் எழுதினார். கடையிற் கண்ட ஆரஞ்சுப் பழப்பாகுப் புட்டியின் மேலிருந்த பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டார். ‘ஜூனியர்’ என்னும் வாலை ஒட்டியவர் கணவர்.

நிற்க. பிலிப்ஸ் அம்மையாரின் நூலில் நம்மைப் பெரிதும் நிறுத்திச் சிந்திக்க வைத்த செய்தி வேறு. ஸ்மித் தபால் மூலமாகவே டிப்ட்ரீயைப் பேட்டி கண்டு தம் ஏட்டில் வெளியிட்டார். அதில் டிப்ட்ரீ சொன்னவை ஏறக்குறைய யாவும் மெய். ஆப்பிரிக்கப் பிள்ளைப்பருவம் மெய், போர்ச்சேவை மெய், அரசாங்க வேலை மெய். ஒன்றை மட்டும் சொல்லாது விட்டார். அந்த ஒன்றை வாசகர் தாமே இட்டு நிரப்பினர். காட்டையும் துப்பாக்கியையும் உளவையும் அறிந்தவர் ஆணாகத்தானே இருக்கவேண்டும்! ஆகவே ஏமாற்றியவர் யார் என்று கேட்டால், பழியிற் பாதியை ஏமாந்தவரின் மனப்பழக்கத்திற்கும் பங்கிட வேண்டியிருக்கிறது. ராபர்ட் சில்வர்பெர்க் என்னும் தேர்ந்த எழுத்தாளர், 1975இல் டிப்ட்ரீயின் கதைத் தொகுதிக்கு எழுதிய முன்னுரையில், இவரைப் பெண்ணென்று சிலர் ஐயுறுவது அபத்தம், இவ்வெழுத்தில் ஆண்மை தவிர்க்கவொண்ணாதபடி விளங்குகிறது என்ற கருத்துப்பட அடித்துப் பேசினார். பின்னர் உண்மை வெளிப்பட்டபோது தம் தவற்றைப் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். நம் நாட்டு விமர்சகர் எத்தனை பேர் அவ்வாறு செய்வர் என்பதை வாசகரே எண்ணிக்கொள்க.

இத்தனை நட்பின் நடுவிலும் அம்மையாரின் நெஞ்சில் ஓர் அச்சம் குடிகொண்டிருந்தது என்பதற்கு, 1974இல் ஹியூகோ பரிசு பெற்ற அவருடைய கதை ஒன்றே போதிய சாட்சி. ‘மின்கம்பியிற் பிணைத்த பெண்’ என அதன் தலைப்பைத் தமிழிற் சொல்லலாம். உருவக் கோரத்தால் உலகம் ஒதுக்கிய ஒரு பெண்ணை ஒரு வர்த்தக நிறுவனம் நிலவறையில் அமர்த்துகிறது. அங்கிருந்தபடியே அவள், மூளையற்ற ஓர் அழகிய உடலைத் தூரத்திலிருந்து இயக்குகிறாள். அவ்வழகியை ஓர் இளைஞன் காதலிக்கிறான். அவன் காதலித்த அன்பு, அறிவு, குறும்பு அனைத்தும் நிலவறைப் பெண்ணுடையவை. உண்மை அறிந்து அவன் அறைக்கதவைத் தகர்த்து உள்ளே புகும்போது, அவள் ஆசையோடு அவனை நோக்கித் தள்ளாடி வருகிறாள். அவனோ அருவருத்துக் கம்பிகளைப் பிடுங்குகிறான், அவள் மாண்டுபோகிறாள். இக்கதையை வெறும் விளம்பர வர்த்தகத்தின் மேல் வீசிய சாட்டை என்று மட்டும் படிப்பவர் பாதியையே படித்தவராவர். தபால் பெட்டிக்குப் பின்னாலிருந்து எழுதிய ஒருவரின் கெட்ட கனவு அது: கதவு திறந்தால் என்ன நேரும்?

கதவு 1976இல் திறந்தது. அக்டோபரில் தாயார் இறந்தார். அத்துயரை டிப்ட்ரீ தம் நண்பர்க்கு எழுதினார். நண்பர்க்குத் துயரை மறைக்க அவரால் இயலவில்லை. ஸ்மித் சிக்காகோ பத்திரிகைகளின் மரண அறிவிப்புகளைத் தேடினார். இறந்த எழுத்தாளருக்கு ஒரே மகள் உண்டென்றும், அவள் பெயர் ஆலிஸ் ஷெல்டன் என்றும் கண்டார். கேட்டு எழுதினார். அம்மையார் ஒப்புக்கொண்டார். அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்று. ஊர் வாயால் அறியுமுன் தம் வாயால் அறியட்டுமென்று லெ குவின் முதலியோர்க்கு நடுக்கத்தோடு எழுதினார். நட்பு போய்விடுமோ என்ற கவலை அக்கடிதங்களில் வெளிப்படை. லெ குவினிடமிருந்து வந்த பதிலில் கோபத்தின் சாயல் இல்லை. வியப்பும் களிப்புமே நிரம்பி வழிகின்றன. ரஸ்ஸுடன் கடிதப் போக்குவரத்தும் அறுபடவில்லை. ஸ்மித்தோ பின்னாளில் அம்மையாரின் எழுத்துகளுக்கே பொறுப்பாளரானார். கதையில் வந்த இளைஞனைப்போல் கம்பியைப் பிடுங்கியவர் அந்நண்பருள் ஒருவருமில்லை.

இங்கேதான் பலரும் நூலை மூடிவைத்து, ‘பார்த்தீர்களா, உள்ளம் ஒன்றினால் உருவம் எதற்கு?’ என்று மகிழ்கின்றனர். நாம் அவ்வளவு விரைவில் மகிழ மாட்டோம். கடிதத்தில் ஆணில்லை, பெண்ணில்லை, நிறமில்லை, குலமில்லை, எல்லாரும் சமம் என்பது கேட்க இனிக்கும் வார்த்தை. ஆனால் டிப்ட்ரீக்குக் கிடைத்த மரியாதை சமத்துவத்தால் வந்ததன்று; ஆணென்று எண்ணியதால் வந்தது. ஒளித்துவைத்துப் பெறும் சமத்துவம் சமத்துவமாகாது. மேலும், விஞ்ஞானக் கதைகளில் பெண்கள் என்பது பற்றி ஸ்மித் 1975இல் தம் ஏட்டில் நடத்திய எழுத்துவழிக் கருத்தரங்கில், ரஸ் முதலிய பெண்களோடு டிப்ட்ரீ ஆணாகவே கலந்து பேசினார். அப்பெண்கள் தம்முள் ஒருத்தியோடு பேசுகிறோம் என்பதை அறியாமலே அவரோடு வாதாடினர். அவர்கள் இழந்தது சிறிதன்று. நண்பர் மன்னித்தனர் என்பதால் தவறு நிகழவில்லை என்றாகாது.

இழப்பு அம்மையாருக்கும் உண்டு. வசீகரமான டிப்ட்ரீயாக இருந்தவர், வர்ஜீனியாவில் வாழும் ஒரு கிழவி மட்டுமே என்றாகிவிட்டதாகப் பிற்காலத்தில் அவரே கசப்போடு எழுதினார். அவர் தொடர்ந்து எழுதினாலும் பேனா முன்போல் ஓடவில்லை என்பது நமது துணிபு. நண்பர் அவரை ஏற்றனர். அவர்தாம் தம்மை ஏற்கவில்லை. ஆந்தையாரைப் பற்றிச் சோழன் சொன்னதாகப் புறநானூற்றில் ஒரு செய்தி வருகிறது: அவர் தம் பெயரைச் சொல்ல நேரும்போது நண்பனாகிய சோழனின் பெயரையே தம் பெயராகச் சொல்வாராம். பெயரை இழந்து பெறும் நட்பு அது. ஷெல்டன் அம்மையாரோ பெயரை நட்பினும் பெரிதாகப் பிடித்துக்கொண்டார்.

இதனை எழுதும் நமக்கு, அம்மையார் மீது கல்லெறியும் தகுதி உண்டா என்பது வேறு விஷயம். கல்கியின் சரித்திர நவீனங்களை விரும்புவோர் கூட்டமொன்றில் இணைய வழியே நாமும் ஆறாண்டாக உறுப்பினர். அங்கே வந்தியத்தேவர் மட்டும் பதினொருவர் உண்டு. ‘ஆழ்வார்க்கடியான்’ என்ற பெயரில் எழுதும் ஒரு பெரியவர் நமக்கு மிகவும் வேண்டியவரானார். அவரிடம் நாம் செம்பனைத் தோட்டத்துக் கிராணி என்று சொல்லவில்லை. கோலாலம்பூரில் பெரிய கம்பெனியில் உத்தியோகம் என்று எழுதிவைத்தோம். படித்தவர்கள் கூடிய சபையில் தோட்டம் என்ற சொல் வாயில் வரவில்லை. அதன் பயனாக, அவர் தலைநகரிலிருந்து ஒரு புத்தகம் வாங்கி அனுப்பச் சொன்னபோது, ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு பஸ் மாறிப் போய் வந்தோம்.

பிலிப்ஸ் அம்மையாரின் நூலை முடித்த இரவு உண்மையை எழுதி அனுப்பினோம். மறுநாள் பதில் வந்தது: “தம்பி, இதைச் சொல்ல ஆறு வருஷமா? நீங்கள் எழுதுவதெல்லாம் பொழுது விடியுமுன், இல்லையேல் மழை நாளில். மழை பெய்தால் வேலை நிற்குமே என்று கவலைப்படும் கம்பெனிக் குமாஸ்தாவை நான் கண்டதில்லை. அது போகட்டும், நந்தினியைப் பற்றி நீங்கள் சொன்னது தவறு.” பெரட்டுக்கு முன் கிடைக்கும் அரைமணி நேரத்தில் எழுதியது நம்மைக் காட்டிக்கொடுத்துவிட்டது. டிப்ட்ரீயின் கடிதங்களையும் இப்படிப் படிக்கும் கண் அக்காலத்தில் ஒன்றிரண்டேனும் இருந்திருக்குமோ என்று இப்போது எண்ணுகிறோம். சில்வர்பெர்க் மறுத்துரைத்த அந்த ஐயம் எவரோ சிலருக்கு எழுந்ததுதானே.

மற்றொரு செய்தியையும் மறைத்தல் நேர்மையாகாது. 1987 மே 19ஆம் நாள், கண்பார்வை இழந்துகொண்டிருந்த எண்பத்துநான்கு வயதுக் கணவரைச் சுட்டு, அம்மையார் தம்மையும் சுட்டுக்கொண்டார். இருவரும் முன்னமே பேசி முடிவு செய்தது என்பர் ஒரு சாரார். அதற்கு உறுதி ஏது, நோயுற்ற கணவரின் சம்மதத்தை யார் கேட்டார் என்பர் மற்றொரு சாரார். அவர் பெயரால் 1991இல் தொடங்கிய பரிசு, இவ்விவாதம் முற்றியதால் 2019இல் வேறு பெயர் பெற்றது. அம்மையாரை நேசித்த வாசகரே இரு பிரிவாக நின்று வழக்காடினர். நேசித்தவரின் குற்றத்தையும் பேசத் துணிந்த இரசிகர் கூட்டத்தை, வெறும் துதிபாடிகள் என்று எண்ணி ஒதுக்குவோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

நூல்களைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. வாழ்க்கை வரலாற்றில் ஆப்பிரிக்கப் பயண அதிகாரங்கள் சற்றே நீளம். பொறுமையற்றோர் வேகமாகப் புரட்டலாம். 2015ஆம் ஆண்டுத் தொகுப்பில், இக்காலத்து எழுத்தாளர் மறைந்த டிப்ட்ரீக்கு எழுதிய கடிதங்கள் முற்பகுதியில் உள்ளன. பல ஒரே புகழ்ச்சியைத் திருப்பிச் சொல்கின்றன. பொன் இருப்பது பிற்பகுதியில்: ஷெல்டன், லெ குவின், ரஸ் மூவரும் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களிற் சில அங்கே அச்சாகியுள்ளன. அம்மூவரின் காகிதங்களும் இப்போது ஆரிகன் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. அவை முழுவதும் ஒரு தொகுதியாக அச்சேறுமாயின், விலை எதுவாயினும் வாங்குவோம். ஆழ்வார்க்கடியானுக்கும் ஒரு பிரதி அனுப்ப வேண்டும். இம்முறை தோட்டத்து விலாசத்திலிருந்தே.