பாஷாவின் தொப்பியும் வாப்பாவின் கெஸட்டும்

கண்டி ஹல்லொலுவ வீதியில் அறபி பாஷா வாழ்ந்த வீடு இப்போது நூதனசாலை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான் எழும்: இந்த மனிசன் காலையில் எழும்பி என்ன குடித்தார்? சிரிக்க வேண்டாம், இது இலக்கியம் பற்றிய கேள்விதான்.

1882 இல் ஆங்கிலேயரிடம் தோற்ற எகிப்தியப் புரட்சியின் தலைவர் அஹ்மத் உறாபியும் தோழர்கள் அறுவரும் 1883 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கினார்கள். உறாபி பின்னர் கண்டிக்குக் குடிபெயர்ந்தார். 1901 இல்தான் நாடு திரும்பினார். சித்திலெப்பையோடு அவர் கொண்ட நட்பு, 1892 இல் மருதானையில் தொடங்கிய மத்ரஸா ஸாஹிறாக் கல்லூரியாக வளர்ந்தமை எல்லாம் பலமுறை எழுதப்பட்டுவிட்டன. ஆனால் நைல் நதிக்கரையில் பிறந்தவருக்கு நம் மலைநாட்டு மழை எப்படியிருந்தது, இந்த ஊர்ச் சோற்றுக்கு அவர் நாக்கு எப்போது பழகியது என்றெல்லாம் கேட்க நமக்குத் தோன்றவில்லை. ‘சில்லறை விஷயம்’ என்று விட்டுவிட்டோம்.

சில்லறை என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். பாஷாக்கள் இங்கிருந்த காலத்தில் துருக்கித் தொப்பிக்கு நம்மவரிடையே மவுசு கூடியது. 1905 இல் சட்டத்தரணி எம்.ஸீ. அப்துல் காதர் அதே தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் வாதாட முடியாது என்றானபோது, முழுச் சமூகமும் திரண்டது. தலையில் வைக்கிற ஒரு சாமான்தான், ஆனால் அதற்குள் ஒரு சமூகத்தின் மானம் இருந்தது.

அந்த எழுவரில் ஒருவர் மஹ்மூத் ஸாமி அல்-பாரூதி. எகிப்தின் பிரதமராக இருந்தவர், நவீன அறபுக் கவிதையின் முன்னோடி. கொழும்பிலும் கண்டியிலுமாகப் பதினேழு வருடமளவில் கழித்து, பார்வை மங்கித்தான் ஊர் திரும்பினார். அவர் ‘ஸரந்தீப்’ கவிதைகளை ஒரு மௌலவி நண்பரின் உதவியோடு படித்தேன். வீரமும் விதியும் பழைய மரபின் கம்பீரமும் நிறைந்தவை அவை. மதித்தேன், ஆனால் மனம் அசையவில்லை. அசைந்தது ஓரிடத்தில்தான். ஊரில் விட்டுவந்த சின்ன மகள் சமீராவின் உருவம் இராத்திரியில் கனவாக வந்து போவதைப் பாடுகிற இடம் அது. அங்கே பிரதமரைக் காணோம், ஒரு வாப்பாதான் இருக்கிறார்.

கண்டியில் பிறந்த சித்திலெப்பை 1885 இல் வெளியிட்ட ‘அஸன்பே சரித்திரம்’ பிறந்த மண்ணைப் பிரிந்த ஒரு எகிப்தியப் பிள்ளையின் கதை. சாகசமும் நல்லொழுக்கமும் அதை நடத்திச் செல்கின்றன, அன்றாடத்துக்கு அங்கே இடம் குறைவு. தமிழ் நாவல் தவழத் தொடங்கிய காலத்து நூல் அது. அதைக் குறை சொல்ல வரவில்லை. நூற்றிருபது வருடத்துக்கு மேல் கழிந்தும் நாம் அதே இடத்தில் நிற்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

1977 க்குப் பிறகு வளைகுடாவுக்குக் கதவு திறந்தது. அக்குறணையிலும் மடவளையிலும் கம்பளையிலும் பயணம் போன ஆளில்லாத வீடுகள் குறைவு. நம் சிறுகதைகளில் அவர்கள் எப்படி வருகிறார்கள்? ஒன்று பெட்டி நிறையச் சாமானோடு வருகிறார்கள், இல்லையென்றால் பெட்டிக்குள் மையித்தாக வருகிறார்கள். இடையில் உயிரோடு இருந்த மனிசனைக் கதையில் காணோம்.

இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு சிறுகதைப் போட்டிக்கு நடுவராக இருந்தேன். டோஹாவில் வேலைசெய்யும் ஒரு பொடியனைப் பற்றிய கதை வந்தது. வியாழன் இரவு நாலு பேராகக் கரக் தேத்தண்ணி குடிக்கப் போவது, ஊரிலிருந்து ஈரக் கடதாசியில் சுற்றிவந்த கறிவேப்பிலையை ஆளுக்கொரு நெட்டாகப் பங்கிடுவது, குளியலறைக்கு வரிசையில் நிற்பது, எதைக் கேட்டாலும் ‘புக்ரா’ என்று நாளைக்குத் தள்ளும் முதலாளி. அவ்வளவுதான் கதை. “இதுல என்ன ஈக்கிது?” என்றார் பக்கத்திலிருந்த நடுவர். நானும் தலையாட்டிவிட்டுக் குறைந்த புள்ளி போட்டேன். கபீல் அடித்த கதைக்கு முதற்பரிசு கொடுத்தோம்.

இப்படிக் கேட்பவர்கள் இருப்பார்கள்: மூதூரின் ரிஸானா நபீக்கை 2013 ஜனவரியில் சவூதியில் சிரச்சேதம் செய்த பிறகுமா கறிவேப்பிலையைப் பற்றி எழுதச் சொல்கிறீர்? நியாயமான கேள்வி. அந்தக் கண்ணீரை எழுதத்தான் வேண்டும், அநீதியை மறைக்கும் எழுத்து எனக்கும் வேண்டாம். ஆனால் பயணம் போனவர்களை அழுகைக்கு மட்டும் உரியவர்களாக ஆக்கினால், அவர்கள் நமக்கு ஒரு ‘பிரச்சினை’யாகிவிடுகிறார்கள். பிரச்சினைக்கு இரக்கப்படலாம், அதை நேசிக்க முடியாது. ஒரு பிள்ளைக்கு என்ன சாப்பாடு விருப்பம், எதைக் கண்டு சிரிக்கும் என்று தெரிந்திருந்தால்தான், அது இல்லாமல் போனதில் என்ன இல்லாமல் போனதென்று விளங்கும்.

இது எனக்கு வீட்டில் கிடைத்த பாடம். எண்பதுகளில் ரியாதிலிருந்து வாப்பா கடிதத்துக்குப் பதிலாகக் கெஸட்டில் பேசி அனுப்புவார். முதல் பத்து நிமிஷம் ஸலாம், காசுக் கணக்கு, பிள்ளைகளுக்கு நஸீஹத். உம்மா சமையல் வேலையோடு வேலையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு வாப்பாவின் குரல் மாறும். “இங்க ஒரு பூனை ஈக்கிது. சுபஹுக்குப் பொறகு நான் ரொட்டிக் கடைக்குப் போகக்குள்ள பின்னாலயே வரும். சுடச்சுட ஹுப்ஸ் வாங்கி அதுக்கும் ஒரு துண்டு போடுவன். அறையில ஒருத்தன் விடுற கொறட்டைக்கு அதுவும் தூங்கல்ல போல.” அந்த இடத்தில்தான் உம்மா அகப்பையைக் கீழே வைப்பார், முந்தானையால் கண்ணைத் துடைப்பார். அவர் அழுதது காசுக் கணக்குக்கு அல்ல.

பாரூதியின் திவானில் சமீரா வருகிற இடமும் வாப்பாவின் கெஸட்டில் பூனை வருகிற இடமும் எனக்கு ஒன்றுதான். இரண்டிலும் பேச்சு பெரிய விஷயத்தை விட்டு இறங்கி வருகிறது. இறங்கிய பிறகுதான் ஆளைக் காண முடிகிறது.

அந்த டோஹாக் கதையை எழுதியவர் பிறகும் எழுதினாரா தெரியாது. எழுதாமல் விட்டிருந்தால் அதில் என் புள்ளிக்கும் பங்குண்டு. இதைப் படித்தால் அவர் எனக்கு மன்னிப்புத் தர வேண்டும், கதையைத் திரும்ப அனுப்பவும் வேண்டும். கறிவேப்பிலையை வெட்டாமல் அனுப்பட்டும்.