பெற்றவளின் கேள்வி

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, கடலோரச் சாலையில் இருக்கிறது திருவிடந்தை. காலவ ரிஷி தம் பெண்கள் 360 பேரையும் நாளுக்கு ஒருத்தியாக இந்தப் பெருமாளுக்குக் கொடுத்தார் என்பது தலபுராணம். கல்யாணம் கூடிவர வேண்டுமென்று கழுத்தில் மாலையோடு பிராகாரம் சுற்றுகிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றபோது, நான் எழுதிக் கெடுத்த ஒரு கதை ஞாபகத்துக்கு வந்தது.

கதையில் ஓர் இளம் விதவை, பிள்ளையில்லாத தம்பதிக்குத் தன் கைக்குழந்தையைத் தத்துக் கொடுத்துவிட்டு ரயிலேறிப் போகிறாள். மீதிக் கதை முழுவதும் வளர்க்கிறவளின் ஆனந்தந்தான். நிறையப் பேர் பாராட்டினார்கள். ஒரு வாசகி மட்டும், "பெற்றவள் அப்புறம் என்ன ஆனாள்?" என்று கேட்டு எழுதியிருந்தார். எனக்கே தெரியவில்லை. அவளை நான் யோசித்தே பார்க்கவில்லை.

குற்றம் என்னுடையது மட்டுமல்ல. மணிமேகலையில் சாலி, பெற்ற பிள்ளையைத் தோட்டத்தில் போட்டுவிட்டு நடந்துவிடுகிறாள். பசு பாலூட்டுகிறது, வழியில் வந்த அந்தணர் எடுத்து வளர்க்கிறார். குந்தியோ பெட்டியை ஆற்றில் விட்டாள். யார் வீட்டுக்கு என்று தீர்மானிக்கும் பொறுப்பு இவர்கள் இருவருக்குமே வாய்க்கவில்லை.

திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் திருவிடந்தையைப் பாடும்போது பேசுகிறவள் ஒரு தாய். மகள் பெருமாளிடம் மனத்தைக் கொடுத்து உருகிப்போயிருக்கிறாள். தாய் அவர் பெருமையை அளந்து பார்க்கவில்லை. இவள் விஷயத்தில் உன் எண்ணந்தான் என்ன என்று பாட்டுக்குப் பாட்டு அதையே கேட்கிறாள். அது காதல் பாட்டு என்பது உண்மை. ஆனாலும் குழந்தையை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கிறவள், வருமானம், படிப்பு எல்லாம் விசாரித்து முடித்த பிறகும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

நல்ல வீடாகக் கிடைத்துவிட்டால் மட்டும் போதுமா? குலசேகராழ்வார் பெருமாள் திருமொழியில் தேவகியைப் புலம்ப வைக்கிறார். யசோதையைவிட நல்ல தாய் எங்கே கிடைப்பாள்? தேவகியும் அவளைப் பழித்து ஒரு சொல் சொல்லவில்லை. குழந்தையின் தாலாட்டும் தளர்நடையும் வெண்ணெய் அளைந்த கையும் யசோதைக்குக் கிடைத்தன, தனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்றுதான் அழுகிறாள். நடுராத்திரியில் யசோதைக்கே தெரியாமல் நடந்த மாற்றம் அது. தேவகி இழந்தது நல்ல வளர்ப்பை அல்ல. குழந்தையைப் பற்றிய சேதியை.

இன்றும் இந்தச் சங்கடம் தீரவில்லை. 1956-ஆம் வருஷத்து இந்து தத்தெடுப்புச் சட்டப்படி பெற்றவர்களே ஆளைத் தேர்ந்து குழந்தையைக் கொடுக்கலாம். பணம் மட்டும் வாங்கக் கூடாது. 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் வழியிலோ, தாய் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கிறாள். மனம் மாறுவதற்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. அதற்குப் பின் யார் வளர்ப்பது என்பது அவள் கையில் இல்லை. குழந்தை வியாபாரத்தைத் தடுக்க அந்தக் கட்டு வேண்டியதுதான். அமெரிக்காவில் தாயே வளர்ப்போரைத் தேர்ந்தெடுத்து, பிறகும் கடிதமும் சந்திப்புமாக உறவு தொடரும் முறை பரவலாக இருக்கிறது. எல்லோருக்கும் அது சரிப்படும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 2002-இல் வந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில், வளர்த்தவர்களே சிறுமியை அழைத்துக்கொண்டு இலங்கை வரை பெற்றவளைத் தேடிப் போகிறார்கள். அதனால் வளர்த்தவளின் தாய்மை குறைந்துவிட்டதாக யாரும் எண்ணவில்லை.

என் கதையைத் திரும்ப எழுதினால், அந்த விதவையை உடனே ரயிலேற்ற மாட்டேன். தம்பதியின் கூடத்தில் உட்கார வைப்பேன். இவனைப் பற்றி உங்கள் எண்ணம் என்ன என்று அவள் கேட்க வேண்டும். பிறகு இன்னொன்றும் கேட்க வேண்டும்: "இவன் வளர்ந்து என்னைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வீர்கள்?"

அவர்கள் சொல்லும் பதிலைக் கேட்ட பிறகுதான் அவள் குழந்தையை மடியிலிருந்து எடுப்பாள்.