வல்வில் ஓரியின் குறி

கொல்லிமலை சைவர்க்குப் புதிய இடம் அன்று. தேவார வைப்புத் தலங்களுள் ஒன்றாகிய அறப்பள்ளி அம்மலைமீதே விளங்குகின்றது. அறப்பளீசுரர் மேல் அம்பலவாணக் கவிராயர் இயற்றிய சதகத்தைத் திண்ணைப் பள்ளிகளில் பயின்றோர் பலர். அம்மலைக்குச் சங்க காலத்தில் தலைவனாக இருந்தவன் ஓரி. வில்லாண்மையால் ‘வல்வில்’ என்னும் அடை பெற்றவன். கொடையால் வள்ளல் எழுவருள் ஒருவனாக எண்ணப்பட்டவன். அவனைப் பற்றி வன்பரணர் பாடிய புறநானூற்று 152 ஆம் பாட்டு, குறி தப்பாது எய்தல் என்பது யாது என்னும் வினாவுக்குத் தமிழில் உள்ள பழைய விடைகளுள் ஒன்றாகும். ஆயினும் அவ்விடை பெரும்பாலும் பிறழவே உணரப்பட்டு வருகின்றது.

பாட்டின் பொருள் வருமாறு: ஒருவன் வேட்டையில் விடுத்த கணை யானையை வீழ்த்திற்று, அகன்ற வாயையுடைய புலியை மாய்த்தது, புள்ளிக் கலைமானை உருட்டிற்று, உரல் போன்ற தலையையுடைய பன்றியைச் சாய்த்தது, அயலே நின்ற புற்றிலிருந்த உடும்பின் மேற் சென்று தங்கிற்று. இதனைக் கண்ட பாணர் கூட்டம், இவன் ஊன் விற்றுப் பிழைக்கும் வேட்டுவனைப் போலத் தோன்றவில்லையே, ஓரிதானோ, வேறொருவனோ என ஐயுறுகின்றது. விறலியரைப் பாடுவித்து, இசைத்துறைகளை முறையே இசைத்து முடித்து, ‘கோ’ என விளிக்கின்றனர். அச்சொல் தன்னைச் சுட்டியதாதலின் அவன் நாணுகின்றான். அவர்கள் தாம் வேண்டி வந்ததைச் சொல்லி முடிக்கவும் இடந்தராது, தான் எய்த மானின் ஊனும் தேறலும், தன் மலையிற் பிறந்த பொன்னும் மணியும் அளிக்கின்றான். இவ்வளவே பாட்டு.

இதனைப் படிப்போர் இரு திறத்தினர். ஒரு சாரார், ஓரம்பு ஐந்து விலங்குகளை ஊடுருவியது உள்ளவாறே நிகழ்ந்தது என்றும், ஓரியின் தோள்வலி அத்தகையது என்றும் கூறி வியப்பர். மற்றொரு சாரார், இது வெறும் உயர்வு நவிற்சி, இதில் ஆராய்தற்கு ஒன்றும் இல்லை என ஒதுக்குவர். இரண்டும் பொருந்தா. யானையின் உடலைத் துளைத்த கணை அப்பால் வேறொன்றனுள்ளும் புகும் விசை உடையதாதல் எந்த மரவில்லுக்கும் இயலாது; ஆதலின் முதற்கூற்று நில்லாது. புலவர் வாய்க்கு வந்தவாறு விலங்குகளை அடுக்கினார் எனின், அவ்வடுக்கில் ஓர் ஒழுங்கு காணப்படுவது ஏன்? ஆதலின் இரண்டாங் கூற்றும் நில்லாது.

அவ்வொழுங்கை நோக்குக. யானை உயரமானது; புலி அதனினும் தாழ்ந்தது; அதன்பின் மானும் பன்றியும்; ஈற்றில் நிலத்தோடு ஒட்டிக் கிடக்கும் உடும்பு. புலிக்கும் மானுக்கும் உயரத்தில் பெரிய வேறுபாடு இன்றேனும், தொடக்கம் மிக உயர்ந்ததாகவும் முடிவு மண்ணாகவும் இருத்தல் தெளிவு. கணையின் செலவு மேலிருந்து கீழ்நோக்கிச் சரிகின்றது. உடும்பைத் தொடக்கத்தில் வைத்து யானையை ஈற்றில் வைத்திருப்பின் வியப்பு இன்னும் மிகும். ஆனால் அம்பின் இயல்பு கெடும். புலவர் வியப்பை மிகுத்தார்; அம்பின் வழியை மாற்றினாரல்லர். மலைச்சரிவில் மேல்நிலத்து நின்று கீழே எய்யும் வேட்டுவன் ஒருவனையே அவ்வரிசை கண்முன் நிறுத்துகின்றது. கொல்லியின் சரிவுகளை அறிந்தார்க்கு இது விளங்கும்.

விடுத்த கணை விட்ட கணமே வீழத் தொடங்குகின்றது என்பதை எய்வோர் அனைவரும் அறிவர். மரவில்லினின்று புறப்படும் கணை நொடிக்கு ஏறக்குறைய 50 மீட்டர் செல்வதாகக் கொள்வோம். 15 மீட்டர் செல்வதற்குள் அது தன் நேர்க்கோட்டினின்று ஒரு முழம் அளவு தாழ்கின்றது. 30 மீட்டரிலோ தாழ்வு இரு மடங்கன்று, நான்கு மடங்கு; நான்கு முழம் என்பது ஓராள் உயரம். ஆகவே தொலைவைச் சிறிது பிழைபட மதித்தவனும் குறியை முற்றும் இழப்பான். தோள்வலி மிக்கவன் இத்தாழ்வைச் சிறிது குறைக்கலாம்; ஒழித்தல் இயலாது. தொலைவை அளக்கும் கண்ணும், தொலைவைக் குறைக்கும் அடியும் உடையவனே குறி தப்பாதவன்.

மானை எய்வதில் வேறோர் இடரும் உண்டு. ஒலி நொடிக்கு 340 மீட்டர் அளவு செல்வது. 30 மீட்டருக்கு அப்பால் நிற்கும் மானின் செவியை நாணொலி பத்தில் ஒரு பங்கு நொடிக்குள் எட்டிவிடும். கணை சேர்வதற்கோ அரை நொடிக்கு மேலாகும். அவ்விடைவெளியில் மான் உடலைத் தாழ்த்திப் பாய முற்படும். எய்யும்போது பிழையாதிருந்த குறி, கணை சேரும்போது பிழைத்துவிடும். ஆதலின் காற்றெதிர் நின்று தன் மணம் மறைத்து, சருகு அரவாது அணுகி, மான் ஐயமின்றி மேயும் வேளை பார்த்து, விலாப்புறம் தோன்ற முன்காலின் பின்னே நெஞ்சு நேர்படும் கணத்தில் விடுப்பதே வேட்டுவர் முறை. தலைதூக்கிச் செவி நிமிர்த்து நிற்கும் மானை எய்யாது விடுதலும் அம்முறையின் பாற்பட்டதே.

இனி எய்வான் தன் உடலிற் காக்க வேண்டுவன உள. வில்லோர்க்குரிய நிலைகளை நிகண்டு நூல்கள் பைசாசம், மண்டலம், ஆலீடம், பிரத்தியாலீடம் என நான்காக வகுத்தன. அடி உறுதியாக ஊன்றப்படாவிடின் தோள் அசையும். தோள் அசைந்தால் கணை விலகும். நாணை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்திற்கு வாங்குதல் வேண்டும். இன்று செவியளவும் நாளை கன்னத்தளவும் வாங்குபவன் கணை ஒருபோதும் ஓரிடம் சேராது. விடுங்கால் விரல்கள் நாணைப் பறிக்காது நெகிழ வேண்டும். இவற்றுள் எதுவும் வலிமையன்று; யாவும் அடக்கம். எய்தபின் என்ன சொல்வார்கள் என்னும் எண்ணம் நுழைந்தவன் விரலே முதற்கண் நடுங்கும். வில்வித்தையில் பெரும்பகை காற்று அன்று, தன்முனைப்பே.

திருவள்ளுவர் படைச்செருக்கில், காட்டு முயலைத் தப்பாது வீழ்த்திய அம்பினும், யானையைக் குறித்து எறிந்து தப்பிய வேல் ஏந்துதல் இனிது எனக் கருத்துரைத்தார். அதனைக் கொண்டு குறிதப்பாமை சிறுமை என்று கொள்வாரும் உளர். அது போர்க்களத்து மறவனுக்கு உரைத்த வீரநெறி. எளியதைத் தேடும் அச்சத்தைக் கடிந்ததே அன்றிக் குறித்ததை அடையும் திறத்தைக் கடிந்ததன்று. வன்பரணர் பாட்டில் கணை யானையில் தொடங்குவதால் ஓரிக்கு அவ்விகழ்ச்சி சிறிதும் ஒட்டாது.

கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றும் சைவ அன்பர், உயிர் செகுத்த ஒருவனைப் புகழும் பாட்டை எவ்வாறு போற்றுதல் கூடும் என வினவுவர். இவ்வினாவைத் தள்ளிவிடல் ஆகாது. இதற்கு விடை சேக்கிழார் பெருமானிடம் உள்ளது. கண்ணப்ப நாயனார் புராணத்தில் வேட்டையை விரித்துரைக்கும் அவர், வேட்டுவர் யானைக்கன்றைத் தொடராமையும், சிறு குருளைகளைக் கொல்லாமையும், கருவுற்றுத் தளர்ந்து நடக்கும் பிணையை வருத்தாமையும் தவறாது குறிக்கின்றார். வேட்டை அறமென்று அவர் நாட்டவில்லை. வேட்டுவர் வாழ்க்கையிலும் அருள் புகுதற்கு இடம் உண்டு என்று காட்டினார். எதனை எய்யலாகாது என்று அறிந்தவனுக்கே எய்தற்குரியது தெளிவாகப் புலப்படும். வன்பரணர் பாட்டிலும் வீழ்ந்தது கலையே, பிணையன்று. ‘கலை’ மானில் ஆணுக்கு உரிய பெயரென்பது தொல்காப்பிய மரபியலால் அறியப்படும்.

அன்றியும், பாட்டின் உயிர்நிலை முற்பகுதியில் இல்லை. வேட்டையைச் சொல்லும் பகுதியில் புலவர் வேட்டுவன் பெயரை நாட்டவே இல்லை, ஐயமாகவே விடுகின்றார். பெயர் துணியப்படும் இடம் அவன் நாணும் இடமாகும். ஐந்து விலங்குகளை வீழ்த்தியபோது நாணாதவன், புகழ் கேட்டபோது நாணுகின்றான். வில்லை வைத்து ஓரியை அறிய இயலாத பாணர், நாணத்தை வைத்து அறிந்துகொண்டனர். இதுவே பாட்டின் குறி. முற்பகுதியை மட்டும் எடுத்தோதிப் பிற்பகுதியை விடுவோர், நாணை வாங்கிக் கணையை விடாது நிற்போரை ஒப்பர்.

பின்னும் ஒன்று காண்க. பாணர் வாய் திறந்து கேட்பதற்குள் கொடை அவர்களைச் சேர்ந்துவிடுகின்றது. நாணொலி செவிப்படுமுன் கணை சேர்வதே எய்தலின் உச்சம் எனின், இரவலர் சொல் பிறக்குமுன் பொருள் சேர்வதே ஈதலின் உச்சம். வில்லில் இயலாதது கொடையில் இயன்றது. ஒருவனுடைய இரு திறங்களையும் ஒரே அமைதியில் நிறுத்திய புலவர் ஆற்றல் ஈண்டே விளங்குகின்றது. ஆயினும் பொதுமேடைகளில் இப்பகுதி எடுத்துக்காட்டப் பெறுதல் அரிது.

வில்வன்மையே ஓரியின் முழுப் பெருமை என்பார்க்கு வரலாறும் துணை நில்லாது. முள்ளூர் மன்னன் காரி, ஓரியைப் போரிற் கொன்று கொல்லியைச் சேரனுக்கு அளித்த செய்தி அகநானூற்று 209 ஆம் பாட்டால் அறியப்படுகின்றது. தப்பாத வில் தலைவனைக் காக்கவில்லை, மலையும் கைமாறிற்று. எஞ்சியது எது? கூத்தர்க்கு நாடு ஈந்தவன் என்று சிறுபாணாற்றுப்படை அவனை நினைவு கூர்கின்றது. அவ்விடத்தே காரியும் வள்ளலாகவே எண்ணப்படுகின்றான். கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஒரே வரிசையில் நிற்பது கொடை ஒன்றாலேயே.

இன்று நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் ஆடித் திங்களில் வல்வில் ஓரிக்கு விழா எடுக்கப்படுகின்றது, விற்போட்டியும் நடைபெறுகின்றது. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் மான்கள் காக்கப்படுவதால், அம்புகள் பலகைக் குறியையே நாடுகின்றன. இது குறைவன்று. கொலை நீங்கியும் குறி நின்றமையால், வில்லில் கற்கத்தக்கது யாதென்பது இன்னும் தெளிவாகின்றது. அடி ஊன்றலும், அளவறிதலும், பொறுத்தலும், விட்டபின் தன்னை மறத்தலும் பலகைக்கு முன்னும் பயிலத்தக்கனவே. விழாவில் ஓரியின் தோள்வலியைப் பாடுவோர் அவன் நாணத்தையும் இளைஞர்க்கு எடுத்துரைப்பாராயின், வன்பரணர் கருத்து நிறைவுறும்.

திருக்காளத்தி மலையில் மற்றொரு வில்லாளர் இருந்தார். தனியே ஓடிய பன்றியைத் தொடர்ந்து சென்று சுரிகையால் துணித்த திண்ணனார், தம் அம்பைப் பெருமானுக்காக ஈற்றில் எடுத்தது விலங்கின்மேல் எய்தற்கு அன்று. தம் கண்ணை இடந்து அப்புதற்கு. மற்றைக் கண்ணையும் இடக்கத் துணிந்தபோது, பார்வை போயின் அப்பும் இடம் தெரியாதே என்று கருதித் தம் திருவடியை இறைவன் திருக்கண்ணில் அடையாளமாக ஊன்றிக் கொண்டார். குறி பார்க்கும் கண்ணையே கொடுக்கப் புகுந்தவர், கண் போன பின்னும் குறி தப்பாதிருக்க வழி செய்துகொண்டார். அக்கையை இறைவன் பற்றித் தடுத்தருளினான். ஓரியிடம் ‘யான்’ என்பது புகழ் கேட்டு நாணி ஒதுங்கிற்று. கண்ணப்பரிடம் அது ஒதுங்குதற்கும் இன்றி ஒழிந்தது. கொல்லியில் நாணமாய்த் தொடங்கியது காளத்தியில் அன்பாய் நிறைந்தது என்க.