ஒற்றை வரி வைத்தியம்: எஃப்என் கீயும் லினக்ஸும்

"லினக்ஸ் போட்டேன். எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பிரைட்னஸ் கீ மட்டும் வேலை செய்யல." லினக்ஸ் பக்கம் புதிதாக வருகிறவர்கள் அதிகம் கேட்கிற கேள்விகளில் இதுவும் ஒன்று. பிரைட்னஸ் இருக்கும் இடத்தில் சிலருக்கு வைஃபை கீ வரும், சிலருக்கு டச்பேட் கீ, சிலருக்கு மைக் மியூட். கேள்வி மாறினாலும் பதில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: கிரப் கோப்பைத் திற, இந்த வரியை ஒட்டு, அப்டேட் கொடு, ரீஸ்டார்ட் பண்ணு. அந்த வரியில் 'ஏசிபிஐ ஓஎஸ்ஐ' என்றோ 'ஏசிபிஐ பேக்லைட்' என்றோ ஏதாவது இருக்கும். அது என்ன செய்யும், எதற்குச் செய்யும், வேலை செய்யாவிட்டால் எப்படி நீக்குவது என்று அநேகமாக யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

இந்த ஒற்றை வரி வைத்தியத்தின் மேல்தான் எனக்கு விமர்சனம். நாடி பிடித்துப் பார்க்காமல் மருந்து கொடுக்கும் வேலை இது. சில நேரம் நோய் தீரும். சில நேரம் வேறொரு நோய் வந்து சேரும். எது நடந்தாலும் படிக்கிறவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0, புதிய தலைமுறை பிராசசர் எல்லாம் பழைய லேப்டாப்புகளில் கிடையாது. தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட லேப்டாப்புகள் ஏராளம். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் லட்சக்கணக்கான மாணவர்களுக்கு லேப்டாப் போய்ச் சேர்ந்தது. எங்கள் ஆனையூர் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்ததும் அதே 2011-ல்தான். அந்தக் கால லேப்டாப்புகள் இங்கே பல வீடுகளில் அலமாரி மேலே தூசி படிந்து கிடக்கின்றன. அவற்றுக்கு இனி லினக்ஸ்தான் கதி. பிரைட்னஸ் கீ வேலை செய்யாத ஒரே காரணத்துக்காக அது மறுபடி அலமாரிக்குப் போனால், ஒரு பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய கணினி போச்சு என்று அர்த்தம். விஷயம் சின்னதுதான், விளைவு அப்படியில்லை.

சரி, கீயை அமுக்கினால் உள்ளே என்ன நடக்கிறது?

'ஏ' என்ற எழுத்தை அமுக்கினால் கதை எளிது. கீபோர்டு கன்ட்ரோலர் ஒரு ஸ்கேன்கோடு அனுப்பும், கர்னல் அதை ஒரு கீகோடாக மாற்றும், மேலே இருக்கும் டெஸ்க்டாப் அதைப் படிக்கும். எஃப்என் கீ அப்படியல்ல. பெரும்பாலான லேப்டாப்புகளில் எஃப்என் கீயை அமுக்கியதே இயங்குதளத்துக்குத் தெரியாது. மதர்போர்டில் இருக்கும் எம்பெடட் கன்ட்ரோலர் என்ற சின்ன சிப்தான் அதைக் கவனிக்கிறது. எஃப்என்னும் இன்னொரு கீயும் சேர்ந்து அமுங்கினால் என்ன செய்வது என்று அதுவே முடிவெடுக்கும். அந்த முடிவைக் கர்னலுக்குச் சொல்ல அதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, சாதாரணக் கீ போலவே ஒரு ஸ்கேன்கோடு அனுப்புவது. இரண்டாவது, ஏசிபிஐ வழியாக ஒரு நிகழ்வாகச் சொல்வது. 'வீடியோ பஸ்' என்ற பெயரில் பிரைட்னஸ் கூட்டு, குறை என்று வருவது இந்த வகை. மூன்றாவது, டபிள்யூஎம்ஐ எனும் தயாரிப்பாளரின் தனிப்பாதை. லினக்ஸில் ஹெச்பி, டெல், ஏசுஸ் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனி டிரைவர் எழுதப்பட்டிருப்பது இதற்காகத்தான். ஒரே லேப்டாப்பில் எஃப்2 ஒரு வழியிலும் எஃப்6 இன்னொரு வழியிலும் போகலாம். எனவே 'எஃப்என் கீ வேலை செய்யல' என்ற வாக்கியமே போதாது. எந்தக் கீ, எந்த வழி, எந்த இடத்தில் தொலைகிறது என்று தெரிந்தால்தான் அது ஒரு கேள்வியாகும்.

இப்போது அந்தப் பிரபலமான வரிக்கு வருவோம். லேப்டாப்பின் ஃபர்ம்வேருக்குள் ஒரு விசாரணை இருக்கிறது: "நீ எந்த விண்டோஸ்?" இயங்குதளம் சொல்கிற பதிலைப் பொறுத்து ஃபர்ம்வேர் தன் நடத்தையை மாற்றிக்கொள்ளும். இதில் வேடிக்கை என்னவென்றால், லினக்ஸ் கர்னலும் "ஆமாம், நான் விண்டோஸ்தான்" என்று பதில் சொல்கிறது. "லினக்ஸா?" என்று கேட்டால் மட்டும் "இல்லை" என்று சொல்லிவிடும். 2007 வாக்கிலிருந்து இதுதான் வழக்கம். இது ஏமாற்று அல்ல, தற்காப்பு. தயாரிப்பாளர்கள் விண்டோஸுக்கான பாதையை மட்டுமே ஒழுங்காகச் சோதிக்கிறார்கள். 'லினக்ஸ்' என்று சொன்னால் யாரும் சோதித்துப் பார்க்காத பாதையில் போய் மாட்டிக்கொள்ள நேரிடும்.

2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது, பிரைட்னஸை இயங்குதளமே பார்த்துக்கொள்ளும் என்று பல ஃபர்ம்வேர்கள் நம்பத் தொடங்கின. "நான் விண்டோஸ் 2012" என்று லினக்ஸ் பதில் சொன்னதும் ஃபர்ம்வேர் ஒதுங்கிக்கொண்டது. பிரைட்னஸ் அந்தரத்தில் நின்றது. அப்போது பிறந்ததுதான் 'விண்டோஸ் 2012 என்று மட்டும் சொல்லாதே' என்கிற கிரப் வரி. அந்தக் காலத்துக்கு, அந்த மாடல்களுக்கு அது சரியான மருந்து. ஆனால் 2022 இறுதியில் வந்த 6.1 கர்னலில், திரை வெளிச்சத்தை எந்த டிரைவர் கையாள்வது என்று தீர்மானிக்கும் பகுதியே திருத்தி எழுதப்பட்டுவிட்டது. பழைய வரிகள் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன.

அந்த வரி ஒரு கீயை மட்டும் சரிசெய்வதில்லை. 'நான் யார்' என்ற பதிலையே மாற்றுகிறது. பதில் மாறினால் ஃபர்ம்வேர் பிரைட்னஸை மட்டுமல்ல, டச்பேட் எந்த இணைப்பில் வேலை செய்ய வேண்டும் என்பதிலிருந்து மின்சேமிப்பு வரை எதையும் மாற்றலாம். தலைவலிக்குத் தலையணையை மாற்றினால் பரவாயில்லை, இது கட்டிலையே தூக்கி வேறு வீட்டில் போடுகிற கதை.

பக்கத்துத் தெருவில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். "அண்ணே, டச்பேட் போயிருச்சு. கடையில பார்ட் மாத்தணும்னு சொல்றாங்க." அவள் அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். கடைக்காரர் சொன்ன தொகை லேப்டாப் வாங்கிய விலையில் கால்வாசி. எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். "பிரைட்னஸ் சரி பண்ணுனதுக்கு அப்புறம்" என்றாள். கிரப் கோப்பைத் திறந்தால் மூன்று வரிகள், மூன்று இடங்களிலிருந்து எடுத்து ஒட்டியவை. மூன்றையும் நீக்கி ரீஸ்டார்ட் செய்ததும் டச்பேட் உயிரோடு வந்தது. பிரைட்னஸ் மறுபடி போனது. பார்ட் எதுவும் கெடவில்லை.

பிறகு செய்ததெல்லாம் நாலு கேள்விகள்தான். யாருக்கும் உதவும் என்பதால் வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் கேள்வி: இது கோளாறுதானா? பல லேப்டாப்புகளில் எஃப்என்னும் எஸ்கேப்பும் சேர்த்து அமுக்கினால் மேல்வரிசைக் கீகளின் நடத்தை தலைகீழாக மாறும். பயாஸிலும் இதற்கு ஒரு சுவிட்ச் இருக்கும். ஆப்பிள் கீபோர்டிலும், ஆப்பிள் என்றே தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் கீக்ரான் போன்ற கீபோர்டுகளிலும், 'ஹெச்ஐடி ஆப்பிள்' டிரைவரில் எஃப்என்மோட் என்ற ஒரு எண் இருக்கிறது. 1 என்றால் மீடியா கீ முதலில், 2 என்றால் எஃப்1, எஃப்2 முதலில். அந்த எண்ணை மாற்றினால் வேலை முடிந்தது.

இரண்டாவது: கர்னலுக்குச் செய்தி வருகிறதா? ஈவ்டெஸ்ட் என்ற கருவியை ஓட்டி, ஒவ்வொரு உள்ளீட்டுச் சாதனத்தையும் தேர்ந்தெடுத்து, கீயை அமுக்கிப் பார்க்க வேண்டும். சாதாரணக் கீபோர்டில் வராதது 'வீடியோ பஸ்'ஸில் வரலாம், அல்லது 'டபிள்யூஎம்ஐ ஹாட்கீஸ்' என்ற பெயரில் வரலாம். எது வழி என்று இங்கேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது: வருகிற செய்தி புரிகிறதா? கர்னல் பதிவைப் படிக்கும் டிமெஸ்ஜி கட்டளையை ஓட்டினால், தெரியாத கீ அமுக்கப்பட்டது, அதன் கோடு இன்னது என்று கர்னலே சொல்லியிருக்கும். எப்படிச் சரிசெய்வது என்று அடுத்த வரியில் ஒரு குறிப்பும் கொடுத்திருக்கும். இவ்வளவு நேர்மையாகத் தன் அறியாமையைச் சொல்கிற மென்பொருளை வேறெங்கும் பார்ப்பது அபூர்வம். அதைப் படிக்காமல் எங்கெங்கோ தேடுகிறோம்.

நான்காவது: கீ சரியாக வந்தும் வேலை நடக்கவில்லையா? அப்படியானால் குற்றவாளி கீ இல்லை. வெளிச்சம் என்றால் பேக்லைட் டிரைவரைப் பார்க்க வேண்டும். வைஃபை என்றால் ஆர்எஃப்கில் கட்டளை, தடை மென்பொருளில் இருக்கிறதா வன்பொருளில் இருக்கிறதா என்று காட்டும்.

அந்தப் பெண்ணின் லேப்டாப் மூன்றாவது கேள்வியிலேயே பதில் சொல்லிவிட்டது. தெரியாத ஸ்கேன்கோடு இரண்டு. யூடெவ்வின் ஹெச்டபிள்யூடிபி என்ற வன்பொருள் பட்டியலில் அந்த மாடலின் பெயரைப் போட்டு, இந்தக் கோடு வந்தால் வெளிச்சம் கூட்டு, அந்தக் கோடு வந்தால் குறை என்று இரண்டு வரி எழுதினோம். பட்டியலைப் புதுப்பித்ததும் வேலை செய்தது. இரண்டு கீயைத் தவிர வேறெதையும் அது தொடவில்லை. அவளே தட்டச்சு செய்தாள். "இம்புட்டுத்தானா?" என்று கேட்டாள்.

ஒரு எதிர்வாதம் உண்டு, நியாயமானதும்கூட. நாளைக்கு ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டிய மாணவனிடம் போய் எம்பெடட் கன்ட்ரோலர் பாடம் எடுக்க முடியுமா? அவனுக்கு வேண்டியது திரை வெளிச்சம். ஒட்டினால் வேலை செய்கிற வரி கிடைத்தால் போதும். ஒத்துக்கொள்கிறேன். அவசரத்துக்கு அந்த வரி இருக்கட்டும். ஆனால் அதை எழுதுகிறவர் கூடவே மூன்று விஷயங்கள் எழுத வேண்டும்: இது எந்த மாடலில், எந்தக் கர்னலில் வேலை செய்தது, வேறு எதைப் பாதிக்கலாம், எப்படித் திரும்ப எடுப்பது. மருந்துச் சீட்டில் நோயாளி பெயரும் தேதியும் இருக்கிற மாதிரி. தேதியில்லாத தொழில்நுட்பக் குறிப்பு காலாவதி தேதி கிழிந்துபோன மாத்திரை அட்டைதான்.

தமிழில் எழுதுகிறவர்களிடம் ஒரு படி கூடுதலாகவே எதிர்பார்க்கிறேன். கணியம் இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் பொறுமையாக எழுதிவருகிறது. அந்த உழைப்பால் தமிழில் லினக்ஸ் கற்க முடியும் என்ற நம்பிக்கை வந்திருக்கிறது. ஆனால் பொதுவாகத் தமிழில் வரும் 'சரிசெய்வது எப்படி' வகைக் குறிப்புகள் பலவும் ஆங்கிலக் குறிப்பின் கட்டளைகளை எடுத்துப்போட்டு, சுற்றியுள்ள வாக்கியங்களை மட்டும் தமிழாக்குகின்றன. விளக்கம்தான் தமிழில் வர வேண்டும், ஏனென்றால் கட்டளை எந்த மொழியிலும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் தடுமாறுகிற ஒரு மாணவிக்கு 'ஏன்' என்பதைச் சொல்லாமல் 'இதை ஒட்டு' என்று மட்டும் சொன்னால், மொழிபெயர்த்து என்ன பயன்?

மென்பொருளிலும் குறைகள் இருக்கின்றன, அதையும் சொல்லத்தான் வேண்டும். எக்ஸ்11 என்ற பழைய திரை அமைப்பில் கீகோடு 255-க்கு மேல் போக முடியாது. கர்னல் எண்ணோடு அது 8 கூட்டிக்கொள்ளும். மைக் மியூட்டின் கர்னல் எண் 248. கூட்டினால் 256. ஒரே ஒரு எண்ணில் கதவு சாத்தப்படுகிறது! அதனால்தான் பல மாடல்களில் மைக் மியூட் எஃப்20 என்றும், டச்பேட் கீ எஃப்21 என்றும் மாறுவேடம் போட்டு வருகின்றன. 1980-களில் எடுத்த ஒரு முடிவு இன்றைக்கு ஒரு ஆன்லைன் வகுப்பில் மைக் அணையாமல் போவதற்குக் காரணமாகலாம். வேலேண்டில் இந்தத் தடை இல்லை.

அடுத்தது, வாங்குகிறவர்களின் பொறுப்பு. 2011 திட்டத்தின் முதல் சுற்று லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சி-டாக் உருவாக்கிய, டெபியனை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளம் அது. நல்ல முடிவு. 2025 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் வாங்குகிறவரிடம் பெரிய பலம் இருக்கிறது. டெண்டரில் ராம் எவ்வளவு, எஸ்எஸ்டி எவ்வளவு என்று கேட்பதோடு, "கீபோர்டின் மேல்வரிசையில் உள்ள ஒவ்வொரு கீயும் லினக்ஸில் வேலை செய்ய வேண்டும், அதற்கான மாற்றங்கள் மூலக் கர்னலிலேயே சேர்ந்திருக்க வேண்டும்" என்று ஒரு வரி போதும். அப்படி ஒரு நிபந்தனை வைத்தால், தயாரிப்பாளர் லினக்ஸ் பாதையையும் சோதித்தே ஆக வேண்டும். ஒற்றை வரி வைத்தியம் என்றால் எனக்குப் பிடித்தது இந்த ஒற்றை வரிதான்.

அதுவரை நம்மால் முடிந்த ஒன்று இருக்கிறது. ஹெச்டபிள்யூடிபி பட்டியல் சிஸ்டம்டி திட்டத்தின் பொதுச்சொத்து. மாடல் வாரியாக ஆட்கள் அனுப்பிய வரிகளால் வளர்ந்தது. அந்தப் பெண் எழுதிய இரண்டு வரிகளை அங்கே அனுப்பச் சொல்லியிருக்கிறேன், வார்த்தைகளுக்கு மட்டும் கொஞ்சம் உதவி செய்தேன். சேர்த்துக்கொண்டால், அதே மாடல் வைத்திருக்கும் யாரோ ஒருவர் அடுத்த வருடம் லினக்ஸ் போடும்போது பிரைட்னஸ் கீ முதல் நாளே வேலை செய்யும். எதையும் தேட வேண்டியிருக்காது. எதையும் ஒட்ட வேண்டியிருக்காது.