வாடகைக்கு விட்ட ஊர் டிவி

அமெரிக்காவில் குறைதிறன் தொலைக்காட்சிக்கென்று தனி உரிமம் 1982இல் வந்தது. பெரிய நிலையம் நடத்த வசதியில்லாத சிற்றூர்க்காரர்களும் சிறுபான்மை மொழியினரும் தங்கள் வட்டாரத்துக்குத் தாங்களே ஒளிபரப்பிக்கொள்ளட்டும் என்பது எண்ணம். இன்று அப்படியொரு நிலையத்தை ஆன்டெனாவில் பிடித்தால், புள்ளி ஒன்று, புள்ளி இரண்டு என்று துணைச் சேனல்கள் வரிசை கட்டுகின்றன. பழைய கௌபாய் தொடர், நகை விற்பனை, பிரசங்கம் எல்லாம் உண்டு. ஊர்ச் செய்தியைத்தான் தேட வேண்டும்.

இந்தப் பெருக்கம் டிஜிட்டலால் வந்தது. முழுத்திறன் நிலையங்கள் 2009 ஜூனில் அனலாகைக் கைவிட்டன. குறைதிறன் நிலையங்களுக்கு 2021 ஜூலை 13 வரை தவணை கிடைத்தது. முன்பு ஒரே சேனல் போன 6 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இப்போது விநாடிக்குச் சுமார் 19.4 மெகாபிட் தரவு போகிறது. படத்தின் தரத்தைக் குறைத்தால் எட்டு, பத்துச் சேனல்களை அதில் அடைக்கலாம். அடைக்கிறார்கள். கார் துரத்தும் காட்சி வந்தால் படம் கட்டம் கட்டமாக உடைகிறது.

வீட்டைப் போர்ஷன் போர்ஷனாகப் பிரித்து வாடகைக்கு விட்டவர் கடைசியில் தனக்கு ஓர் அறைகூட வைத்துக்கொள்ளாத கதைதான் இது. ஆனாலும் பேராசை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. யு.எச்.எஃப். அலைவரிசையில் முழுத்திறன் நிலையம் 1,000 கிலோவாட் வரை போகலாம். குறைதிறன் நிலையங்களுக்கு உச்சம் 15 கிலோவாட். பெரிய நிலையத்துக்கு இடையூறு செய்யக் கூடாது, அதனிடமிருந்து வரும் இடையூறைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கேபிளில் கட்டாயம் இடம் கேட்கும் உரிமையும் அநேகமாக இல்லை. 2017இல் முடிந்த அலைக்கற்றை ஏலம் சுமார் 1,980 கோடி டாலர் ஈட்டியது. அதில் தங்கள் அலைவரிசையை விற்கும் வாய்ப்பு சாதாரணக் குறைதிறன் நிலையங்களுக்குத் தரப்படவில்லை. பல நிலையங்கள் இருந்த அலைவரிசையை விட்டு வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. நாளைக்கு இருப்போமா என்று தெரியாதவர் ஸ்டூடியோவுக்கும் நிருபருக்கும் செலவழிப்பாரா? மாத வாடகைதான் பார்ப்பார்.

துணைச் சேனல்களால் நன்மையே இல்லை என்பதும் தவறு. கேபிள் கட்டணம் கட்ட முடியாதவருக்கு அவை இலவசம். சிகாகோவில் வைகல் நிறுவனத்தின் குறைதிறன் நிலையத்தில் 2005இல் பழைய தொடர்களோடு ஓடத் தொடங்கிய மீ டிவி, 2010 டிசம்பரில் நாடு தழுவிய வலையமைப்பானது. ரசனையுள்ள முதலாளி சின்ன நிலையத்தை வைத்தும் பெரிதாகச் சாதிக்கலாம் என்பதற்கு அது சான்று. ஆனால் அந்தச் சாதனையின் விளைவு என்ன? மற்ற ஊர்களின் நிலையங்களுக்கும் சிகாகோவிலிருந்து ஆயத்தமாக ஒரு சேனல் போகிறது. ஊர்த் தயாரிப்பு அதனால் கூடவில்லை.

ஆகவே குறை தொழில்நுட்பத்தில் இல்லை, பேரத்தில் இருக்கிறது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பேரத்தைச் சரியாகவே பேசியது. நாளுக்கு 18 மணி நேரம் ஒளிபரப்பு, வாரத்துக்குச் சராசரி 3 மணி நேரம் உள்ளூர்த் தயாரிப்பு. இவ்வளவும் செய்தால் ‘ஏ வகுப்பு’ என்ற பாதுகாப்பு. வாரத்தின் குறைந்தபட்ச 126 மணி நேரத்தில் மூன்றே மூன்று! இதைவிட மலிவாக யாரும் கேட்க முடியாது. அந்த வகுப்புக்கு வெளியே இருப்பவர்களிடம் அதையும் கேட்பதில்லை.

2023 ஜனவரியில் கையெழுத்தான குறைதிறன் பாதுகாப்புச் சட்டம் ஏ வகுப்புக்கான கதவை மறுபடி திறந்தது, ஆனால் 95,000 டிவி வீடுகளுக்கு மேற்படாத சந்தைகளுக்கு மட்டும். இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. சிற்றூருக்குப் பாதுகாப்பு வேண்டும், சரி. புலம்பெயர்ந்தோரின் மொழிகளில் பேசும் நிலையங்களுக்குப் பார்வையாளர்கள் கிடைப்பது பெருநகரங்களில் அல்லவா? பெரிய நிலையங்கள் சீண்டாத அந்த மக்களை வீட்டு எண்ணிக்கையைக் காட்டி வெளியே நிறுத்துவது நியாயமல்ல.

என் தீர்ப்பு இது: 95,000 வரம்பை எடுத்துவிட வேண்டும், உள்ளூர் 3 மணி நேரத்தை எல்லாக் குறைதிறன் நிலையங்களுக்கும் நிபந்தனையாக்கி, நிறைவேற்றுகிறவர்களுக்கு முழுப் பாதுகாப்புத் தர வேண்டும். துணைச் சேனல்களை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் வாடகைக்கு விடட்டும். மூன்று மணி நேரம்கூடத் தயாரிக்க மனமில்லாதவரின் உரிமம், புதுப்பிக்கும் நாளில் வேறொருவருக்குப் போகட்டும்.