கண்ணீரும் கணக்கும்

தலைவர் ஒருவர் மறைந்தால் நாட்டிலே இரண்டு காட்சிகளைக் காண்கிறோம். ஒன்று, உயிரையே துச்சமென எண்ணும் உணர்ச்சிப் பெருக்கு. மற்றொன்று, நேற்றுவரை ஏசிய வாயே இன்று தெய்வமாக்கிப் பாடும் போலித்தனம். இரண்டும் பகுத்தறிவுக்குப் புறம்பானவை என்கிறோம் நாம்.

1969 பிப்ரவரி 3ஆம் நாள் பேரறிஞர் அண்ணா மறைந்தார். அவர் முகத்தை இறுதியாகக் காண இரயிலின் கூரைமீதேறி வந்தவர்களுள் பலர் கொள்ளிடப் பாலத்தில் அடிபட்டு மாண்டனர். 1987 டிசம்பர் 24இல் எம்.ஜி.ஆர். மறைந்தபோது தற்கொலை செய்துகொண்டோர் உண்டு. சூறையாடப்பட்ட கடைகளும் உண்டு. அந்த அன்பை நாம் எள்ளவில்லை. ஆனால், ஏழையின் வாழ்வுக்கென நின்ற தலைவனுக்கு ஏழையின் பிணமா காணிக்கை?

இறந்தவரை எப்படி மதிப்பது என்பதற்கு எடுத்துக்காட்டு வேண்டுமா? நம் ஓசூர்ப் பகுதி மனிதர் ஒருவரின் மறைவிலேயே அது கிடைக்கிறது.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராசகோபாலாச்சாரியார், 1972 டிசம்பர் 25இல் சென்னையில் மறைந்தார். 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர் அவர். அதை எதிர்த்த பெரியாரைச் சிறைக்கு அனுப்பியதும் அவர் ஆட்சியே. பள்ளியில் அரைநாள், அப்பன் தொழிலில் அரைநாள் என்று 1953இல் திட்டம் தீட்டியவரும் அவரே. அந்த ஆச்சாரியாரின் இறுதிச் சடங்குக்குத்தான், 93 வயதில், சக்கர நாற்காலியில் வந்து கண்ணீர் விட்டார் பெரியார்!

அந்தக் கண்ணீர் நண்பருக்கு, குலக்கல்விக்கு அன்று. நட்புக்காகக் கொள்கையை விடவில்லை. கொள்கைக்காக நட்பைக் கொல்லவுமில்லை. இதுவன்றோ மனிதப் பண்பு!

ஆனால் இரங்கல் மேடைகளிலே கேட்பதென்ன? "இறந்தவரைக் குறை கூறாதே!" குறையை மறைப்பது மரியாதையா? 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்ததைப் போற்றுவோம், குலக்கல்வியைக் கண்டிப்போம். இன்று ஓசூர்த் தொழிற்சாலைகளில் கடைசல் இயந்திரம் இயக்கும் இளைஞனைக் கேளுங்கள்: அவன் அப்பன் செய்தது அத்தொழிலா? ஏர் பிடித்தவர் மகனும் ஆடு மேய்த்தவர் மகனும் அங்கே நிற்பது, அத்திட்டம் 1954இல் வீழ்ந்ததால் அன்றோ?

எனவே இளைஞர்களே, தலைவர் மறைந்தால் அழுங்கள்; தவறில்லை. தீக்குச்சியைத் தொடாதீர்! கூட்டம் கூட்டுங்கள். அவர் செய்ததையும் செய்யத் தவறியதையும் எடுத்துரையுங்கள். செயலை எடைபோடுவதே சிந்திக்கும் மக்கள் செலுத்தும் அஞ்சலி.